இரண்டாவது சரணம்

இர்ஃபானா எங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததும் செய்த முதல் வேலை, ஒவ்வோர் அறையாகப் போய்க் கை தட்டியதுதான். கொசு அடிக்கிறாள் என்று நினைத்து நான் கொசு பேட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். “கொசு இல்ல அங்கிள், எக்கோ பாக்குறேன்” என்றாள். கூடத்தில் தட்டிவிட்டு முகத்தைச் சுளித்தாள். மாடி அறையில் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் நெல் மூட்டை கிடந்த பின்னறைக்குள் போய் ஒரே ஒரு தட்டு. சத்தம் போன இடம் தெரியவில்லை. “சென்னையில இந்த மாதிரி ஒரு ரூமுக்கு எவ்வளவு பாடு படுறாங்க தெரியுமா!” என்று துள்ளினாள். கோடை நெல்லில் கொள்முதல் நிலையத்தில் போட்டதுபோக மிஞ்சிய இருபத்தாறு மூட்டை அங்கே ஒரே குவியலாகக் கிடந்தது. அதை மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி அடுக்கித் தர வேண்டுமாம். அறுபத்தைந்து வயதில், என் சொந்த நெல்லை, என் சொந்த வீட்டுக்குள்ளேயே, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஆள் வைத்து மாற்றினேன். எதற்கு? என் பெண்டாட்டி ராக் பாடுவதற்கு.

சிரிக்காதீர்கள். என் மனைவி குந்தவை, தஞ்சாவூர் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் போட்டுக்கொடுத்து ஓய்வு பெற்றவள், இன்றைக்கு அறுபத்தொரு வயது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள். ஆனால் எண்பத்தாறில் அவள் ‘வெண்ணாறு பாய்ஸ்’ என்ற ராக் குழுவின் பாடகி. பாய்ஸில் ஏது கேர்ள் என்று அப்போதே எல்லோரும் கேட்டார்கள். நோட்டீஸ் அச்சடித்த பிறகு இவள் சேர்ந்ததால் பெயரை மாற்றக் காசில்லை, அவ்வளவுதான் சங்கதி. அவள் அப்பா மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். வீட்டில் சும்மா கிடந்த மைக்கைப் பிடித்துப் பாடிப் பழகியவளை யார் தடுக்கப் போகிறார்கள்? நான் முதன்முதலில் அவளைப் பார்த்தது மாயவரத்தில் ஒரு கல்லூரி விழாவில். பாதிப் பாட்டில் கரண்ட் போயிற்று. கிட்டாரும் மைக்கும் ஓய்ந்துவிட்டன. இவள் நிறுத்தவே இல்லை. டிரம்ஸ்காரன் ஒருத்தன் மட்டும் அடிக்க, கடைசி வரிசையில் நின்ற எனக்குக் கேட்கிற மாதிரி முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், கட்டினால் இவளைத்தான் என்று. அவளைச் சம்மதிக்க வைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

அந்த டிரம்ஸ்காரன்தான் யூனுஸ். நாகூர்க்காரன். இர்ஃபானா அவனுடைய மகள். சென்னையில் சவுண்ட் இன்ஜினியராக இருக்கிறாள். எண்பத்தாறில் வந்த ‘வெண்ணாறு பாய்ஸ்’ கேசட்டை அவள் இணையத்தில் ஏற்றிவிட, யார் யாரோ கேட்டுவிட்டு, இந்தப் பாடகி உயிரோடு இருக்கிறாளா என்று விசாரித்திருக்கிறார்கள். விட்டுப்போன இரண்டாவது கேசட்டை இப்போது ஆல்பமாகப் போடலாம் என்று அவள் போனில் கேட்டபோது குந்தவை ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு, “நீ வாம்மா. உனக்கு எப்ப வேணும்னாலும் என் வீட்டுல சோறு உண்டு. உங்க வாப்பா மட்டும் வரக் கூடாது” என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நான் தலையை நிமிர்த்தவே இல்லை. ஏனென்றால் யூனுஸ் மேல் அவளுக்கு இருந்த அந்தக் கோபம் நியாயப்படி என் மேல் இருக்க வேண்டியது. முப்பத்தைந்து வருஷமாக அதை அவன் தலையில் கட்டிவிட்டு நான் மூன்று வேளையும் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். கல்யாணமாகி இரண்டாவது வருஷம், ஆனி மாதம். மேட்டூர் திறப்பதாகச் சொன்ன தேதி தள்ளிப் போய், நாற்றங்கால் விடலாமா வேண்டாமா என்று ஊரே நெருப்பை மிதித்துக்கொண்டு நின்ற நேரம். என் அப்பா தினமும் சாயங்காலம் ஆறரை மணிச் செய்தியில் அணை நீர்மட்டம் கேட்காமல் காப்பி குடிக்க மாட்டார். அன்றைக்கு ஒரு துக்கத்துக்காக மன்னார்குடி போனவர், “எத்தனை அடின்னு சரியாக் கேட்டு வை. ஒனக்கு ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாது” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ரோஷம். செய்தியையே அப்படியே பதிவு செய்து அவர் காதருகே போட்டுக் காட்டுவது என்று தீர்மானித்தேன். அவருடைய டிரான்சிஸ்டரைக் கூடத்து மேசையில் வைத்து, அதன் எதிரே குந்தவையின் டேப் ரெக்கார்டரை வைத்தேன். உள்ளே ஏதோ ஒரு கேசட் கிடந்தது. பதிவுப் பொத்தான் இறங்கவில்லை.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன் மேல் எதையும் பதிய முடியாது. பொக்கிஷமாக வைத்துக்கொள்ள நினைக்கிற கேசட்டைத்தான் அப்படி உடைத்து வைப்பார்கள். உடைந்த ஓட்டையில் துண்டுக் காகிதத்தைத் திணித்தால் மறுபடியும் பதியலாம் என்பது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த தில்லுமுல்லு. செய்தி தொடங்கப்போகிற நேரம். லேபிளைப் படிக்கக்கூட நேரமில்லை. உர மூட்டை ரசீதின் ஓரத்தைக் கிழித்துச் சுருட்டித் திணித்தேன். புத்திசாலி இல்லையா?

அது வெண்ணாறு பாய்ஸின் புதுப் பாட்டு. மேடையில் ஒரே ஒரு தடவை பாடி, ஒரே ஒரு கேசட்டில் பதிந்தது. கிட்டார் வாசித்த கல்யாணம் என்பவர் மஸ்கட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்ததால் மறுபடி கூடிப் பாட முடியவில்லை. அதை வைத்துத்தான் இரண்டாவது கேசட்டைத் தொடங்குவதாக இருந்தார்கள். மத்தியானம் அதைக் கேட்டுக்கொண்டிருந்த குந்தவை, பால்காரர் மணியடித்ததும் முதல் சரணத்தோடு நிறுத்திவிட்டு எழுந்து போயிருக்கிறாள். அவள் நிறுத்திய இடத்திலிருந்து நான் பத்து நிமிஷம் மாநிலச் செய்தியைப் பதிந்துவிட்டேன். இரவு அப்பாவுக்குப் போட்டுக் காட்டப் பின்னோக்கிச் சுற்றினேன். குந்தவையின் குரல் வந்தது. ஒரு ‘டக்’. அப்புறம் வணக்கத்துடன் செய்திகள். அப்பாவிடம் வாயாலேயே அறுபத்தெட்டு அடி என்று சொல்லிவிட்டு, கேசட்டைக் கொண்டுபோய் கிஸ்தி ரசீதுகள் போடுகிற தகரப் பெட்டியின் அடியில் வைத்தேன். நிலத்துக் காகிதம் எதையும் அவள் தொட மாட்டாள்.

மறுநாள் காலையில் யூனுஸ் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனான். அவன் போன பிறகுதான் குந்தவை கேசட்டைத் தேடினாள். வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். கடைசியில் என் எதிரே வந்து நின்று, “யூனுஸ் எடுத்துட்டுப் போயிருப்பானோ?” என்று கேட்டாள். நான் சொன்னது ஒரே வார்த்தை. “இருக்கும்.”

அவன் இல்லை என்றான். இவள் பொய் என்றாள். அதோடு குழு போயிற்று, நட்பு போயிற்று, இரண்டாவது கேசட்டும் போயிற்று. முதல் வாரம் அவள் கோபத்துக்குப் பயந்து சொல்லவில்லை. முதல் வருஷம் வெட்கத்தால் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயந்து சொல்லவில்லை. பெரிய காரணம் எதுவும் கிடையாது.

இர்ஃபானா வந்து பதினாறு நாளில் ஐந்து பாட்டு முடிந்துவிட்டது. ரெக்கார்டிங்கில் எனக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். பின்னறை ஃபேனை நிறுத்துவது, மோட்டார் ஓடினால் அணைப்பது, ஆட்டுக்குட்டி ஜன்னல் பக்கம் வந்தால் விரட்டுவது. இர்ஃபானா கட்டைவிரலைக் காட்டினதும் நான் ஸ்விட்சைத் தட்டுவேன். அந்த வெயிலில், நெல் தூசிக்கு நடுவே, நைட்டியும் தலையில் ஹெட்போனுமாகக் குந்தவை நின்று பாடுவாள். வியர்வை கழுத்தில் வழியும். குரல் இறங்கித்தான் இருந்தது, கொஞ்சம் கரகரப்பும் ஏறியிருந்தது. “இந்தக் கரகரப்பு காசு குடுத்தாலும் கெடைக்காது ஆன்ட்டி” என்றாள் இர்ஃபானா. கையை ஓங்கி, காலைத் தரையில் உதைத்து அவள் பாடும்போது, ஃபேனை நிறுத்தியதே தெரியாமல் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். அந்தத் தகரப் பெட்டி இல்லையென்றால் என்னைவிடச் சந்தோஷமான ஆள் இந்த ஜில்லாவில் இருந்திருக்க மாட்டான்.

ஆறாவது பாட்டுதான் அந்தப் பாட்டு. கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட ஒரு பெண் பாடுவது. ‘போகட்டும் பஸ்சு போகட்டும், காலு ரெண்டும் இருக்குது’ என்று தொடங்கும். முதல் சரணம் அவளுக்கு மனப்பாடம். இரண்டாவது சரணம் மறந்தே போய்விட்டது. எழுதி வைத்த காகிதம் எப்போதோ போய்விட்டது, கல்யாணமும் மஸ்கட்டிலேயே இறந்துவிட்டார். புதிதாக நான்கு சரணம் எழுதிப் பாடிப் பார்த்தாள். நான்கும் நன்றாகவே இருந்தன. ஒவ்வொரு தடவையும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “அது இல்ல” என்றாள்.

பதினேழாம் நாள் காலை, காப்பி நேரத்தில் இர்ஃபானா தயங்கித் தயங்கிச் சொன்னாள். “இத விட்டுட்டு அஞ்சு பாட்டோட ஆல்பத்த முடிச்சிரலாமா ஆன்ட்டி?”

“இது இல்லாம ஆல்பமே வேணாம். ஒன் மிசினையெல்லாம் மூட்ட கட்டிக்க” என்றாள் குந்தவை. கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

இர்ஃபானா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வாப்பாகிட்ட அந்த டேப் இல்ல அங்கிள். சத்தியமா இல்ல. எங்க வீட்ட நானே சலிச்சுப் பாத்துட்டேன்.”

நான் ஆறிப்போன காப்பியை மறுபடி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

“ஆனா வாப்பா ஒரு நாளும் ஆன்ட்டிய ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்ல. ‘குந்தவை கோவக்காரி, ஆனா அநியாயமாக் கோவப்பட மாட்டா. என் மேலதான் ஏதோ தப்பு, எனக்குத்தான் ஞாபகம் இல்ல’ன்னு சொல்லும். எடுக்கவே இல்லாத டேப்ப எங்க வெச்சோம்னு இன்னிக்கும் சில நேரம் யோசிக்கும் அங்கிள்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். செய்யாத திருட்டை ஒருத்தன் தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறான் என்றால் நான் மனுஷனே இல்லை. எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தேன். கிஸ்தி ரசீது, அடங்கல், சிட்டா எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டேன். கேசட்டை எடுத்துக்கொண்டு நேரே கொல்லைக்குப் போய், துவைக்கிற கல் மேல் வைத்தேன்.

குந்தவை ஈரக் கையோடு அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அதன் முதுகில் இன்னும் அந்தக் காகிதச் சுருள் அப்படியே இருந்தது.

“இந்தப் பேப்பரு?”

“நான்தான். மேட்டூர் தண்ணி எவ்வளவுன்னு அப்பாவுக்குப் போட்டுக் காட்ட, செய்திய ரெக்கார்ட் பண்ணிட்டேன். என்ன கேசட்டுன்னு பாக்கல.”

“அப்ப யூனுஸ்?”

“அவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! முப்பத்தேழு வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “ஒரு நல்ல மனுஷன என் வாயாலயே திருடன்னு சொல்ல வெச்சிட்டீங்களே” என்றாள். அவ்வளவுதான். கேசட்டைப் பத்திரமாகத் திண்டின் மேல் வைத்துவிட்டு, ஊறப் போட்டிருந்த என் வேட்டியை எடுத்துக் கல்லில் அடிக்க ஆரம்பித்தாள். அந்த வேட்டி என்ன பாவம் செய்ததோ. நான் கிணற்றுச் சுவரில் சாய்ந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வேட்டி முடிந்து துண்டும் முடிந்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “இர்ஃபானா! பழைய கேசட்டு போடுற மிசின் இருக்கா?” என்று குரல் கொடுத்தாள்.

இருந்தது. பின்னறையில் மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதலில் கரகரவென்று சத்தம். பிறகு யூனுஸின் டிரம்ஸ், கல்யாணத்தின் கிட்டார், அதற்கு மேல் அந்தக் குரல். இருபத்தாறு வயதுக் குரல். நான் அதை முப்பத்தைந்து வருஷமாகக் கேட்கவில்லை. குந்தவை கண்ணை மூடிக்கொண்டாள். முதல் சரணம் முடிந்தது. ‘டக்’. வணக்கம் சொல்லிச் செய்தி வாசிக்கத் தொடங்கினார்கள். முதலமைச்சர் எங்கோ அடிக்கல் நாட்டினார். எங்கோ ஒரு லாரி கவிழ்ந்தது. எனக்குத் தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. ‘மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று காலை நிலவரப்படி அறுபத்தேழு அடி’ என்றது கேசட்.

“அறுபத்தேழா?” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

குந்தவை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். “மாமா சொன்னது சரிதான். ஒங்களுக்கு ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாது.” உதட்டோரம் லேசாகக் கோணிற்று. ஆனால் சிரிக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள்.

இர்ஃபானா மட்டும் எதிலும் கலந்துகொள்ளாமல் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். “இருங்க இருங்க” என்றாள். திரும்பச் சுற்றினாள். “அங்கிள், இத ரேடியோவிலேருந்து வயர் போட்டு எடுத்தீங்களா, முன்னாடி வெச்சு எடுத்தீங்களா?”

“வயருக்கு நான் எங்க போவேன்? எதிர்ல வெச்சுத்தான்.”

“அப்ப கூடத்துல கேட்டதெல்லாம் இதுல இருக்கு. ஆன்ட்டி, செய்திக்குப் பின்னாடி யாரோ பாடுறாங்க!”

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்ட குந்தவையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அவள் கை மெல்ல எழுந்து வாயைப் பொத்தியது. இர்ஃபானா கணினியில் எதையோ இறக்கி எதையோ ஏற்றினாள். செய்தி வாசிப்பவரின் குரல் தூரப் போயிற்று. எங்களுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் விட்டாள். கடுகு பொரிகிற சத்தம். பாத்திரம் நகர்கிற சத்தம். அதற்கும் அந்தப் பக்கம், சமையற்கட்டில் நின்றுகொண்டு, பால்காரருக்காக நிறுத்திய பாட்டை விட்ட இடத்திலிருந்து தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.

‘பாலம் தாண்டித் திரும்பிப் பாத்தேன்
பாதி ஊரு பின்னால
வெளிச்சம் எதுக்கு வெளிச்சம் எதுக்கு
வழி இருக்கு முன்னால.’

“அதான்! அதேதான்!” என்று கத்தினாள் குந்தவை. காகிதம் தேடினாள். கூடத்தில் நான் வாரிப் போட்டிருந்த ரசீதுகளில் ஒன்றை ஓடிப்போய் எடுத்து வந்து, அதன் பின்பக்கம் எழுதினாள். அவசரத்தில் எழுத்து கோணல் மாணலாக வந்தது. எழுதி முடித்துவிட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், “நல்லாப் பாடிருக்கேன்ல?” என்று இர்ஃபானாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மெதுவாக அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“தள்ளி ஒக்காருங்க” என்றாள். “பாட்டு கெடைச்சிருச்சுங்கறதுக்காக ஒங்கள விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. ஒங்கள அப்பறம் வெச்சுக்கறேன். மொதல்ல யூனுஸுக்குப் போன் போடுங்க.”

“நானா?”

“பின்ன? ‘இருக்கும்’னு சொன்ன வாய்தான சொல்லணும்.”

அந்த வார்த்தையை அவள் மறக்கவில்லை. இர்ஃபானா தன் போனில் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி என் கையில் கொடுத்தாள். யூனுஸ் நாகூரில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான். மணி ஐந்து தடவை அடித்தது. பட்டறையில் ஏதோ மோட்டார் ஓடுகிற இரைச்சலுக்கு நடுவே, “என்னம்மா, சாப்டியா?” என்றான்.

“யூனுஸு, நான் நெடுஞ்செழியன் பேசறேன்.”

இரைச்சல் மட்டும் வந்தது.

“அந்த டேப்பு ஒன்கிட்ட இல்லப்பா. என்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் அழிச்சேன். பயந்துக்கிட்டு ஒன் பேரச் சொல்லிட்டேன். நீ ஒண்ணும் மறக்கல. ஒன்கிட்ட மறக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல.” அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல், “மன்னிச்சிரு” என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ மோட்டாரை அணைத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது. நான் இன்னொரு தடவை அவன் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது குந்தவை போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவளும் ஹலோ என்று சொல்லவில்லை. சௌக்கியமா என்று கேட்கவில்லை. ரசீதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் சரணத்தின் கடைசி வரியை எடுத்து, நேரே இரண்டாவது சரணத்துக்குப் போனாள். அறுபத்தொரு வயதுக் குரலில், கரகரப்போடு, ‘பாலம் தாண்டித் திரும்பிப் பாத்தேன்’ என்றாள். அந்தப் பக்கம் அமைதி. ‘பாதி ஊரு பின்னால’ என்றாள். அப்போதும் அமைதி. அடுத்த வரியைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். பழைய கேசட்டில் டிரம்ஸ் தனியாக விழுகிற இடம் அது.

போனில் தகர மேசை மேல் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று தட்டு. சற்று நின்று, இன்னும் இரண்டு.

குந்தவை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். தட்டு அவள் கூடவே வந்தது. இர்ஃபானா பதிவு விளக்கை எப்போது போட்டாள் என்று தெரியவில்லை, சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாள். நான் சத்தம் வராமல் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன்.